இங்கே பனி, அங்கே பனி: எதை எதோடு ஒப்பிடலாம்?

ஆடி மாதத்தில் டர்பன் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் நாட்களில் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் பனி விழுவதுண்டு. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம். மார்கழியும் தையும் நடுக்கோடை. அந்த மார்கழி, தை மாதங்களில் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பனி வாரிக்கொண்டிருப்பார்கள். ஆக, வருடத்துக்கு இரண்டு தடவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாதம் வரும். "இவ்வளவு பனி கொட்டுதே, உலகம் சூடாகுதுன்னு சொன்னாங்களே, அது எங்கே போச்சு?" என்று ஒருவர். "முன்னெல்லாம் மலையே வெள்ளையா இருக்கும், இப்போ ஒண்ணுமில்ல, எல்லாம் காலநிலை மாற்றந்தான்" என்று இன்னொருவர்.

இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிந்தாலும் செய்வது ஒரே தவறு. பனியைத் தெர்மாமீட்டராக எடுத்துக்கொள்கிறார்கள். பனியின் அளவு குளிரை மட்டும் காட்டுவதில்லை. அது குளிரும் ஈரமும் சேர்ந்து போட்ட கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

குளிர் அதிகம், பனி குறைவு

பெய்ஜிங்கும் ஜப்பானின் ஆவோமோரியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 டிகிரி வடக்கை ஒட்டி இருக்கின்றன. ஜனவரியில் இரண்டில் அதிகக் குளிர் பெய்ஜிங்கில்தான். ஆனால் அங்கே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் சேர்த்து விழும் பனியை உருக்கினால் வரும் தண்ணீர் 10 மி.மீ. அளவுதான். ஆவோமோரியிலோ ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டினால் சராசரியாக 5 மீட்டரைத் தாண்டும். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று பெய்ஜிங்கை நேராக வந்து அடிக்கிறது. ஆவோமோரிக்குப் போகும் காற்றோ இடையில் ஜப்பான் கடலைக் கடக்கிறது. உறையாத கடலின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய், மலையில் மோதி மேலேறி, அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. குளிர் கூடிய ஊருக்குப் பனி குறைவு, குளிர் குறைந்த ஊருக்குப் பனி கூடுதல்!

காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 5 கிராம் நீராவி அடங்கும். மைனஸ் 20 டிகிரியில் அது 1 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒவ்வொரு டிகிரி சூடு கூடும்போதும் காற்றின் கொள்ளளவு சுமார் 7 விழுக்காடு ஏறுகிறது. அதனால்தான் கனத்த பனிப்பொழிவு கடுங்குளிரில் வருவதில்லை; உறைநிலைக்குச் சற்றுக் கீழேதான் வரும். தென் துருவத்தில் ஆண்டு முழுக்க விழும் பனியை உருக்கினாலும் சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். அங்கே தெரியும் வெள்ளைப் பரப்பு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரையாமல் சேர்ந்த சேமிப்பு.

தரைக்குப் பக்கத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலே இருந்தாலும் பனி விழலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று வறண்டிருந்தால் விழும் பனித்துகளிலிருந்து ஈரம் ஆவியாகும். அந்த ஆவியாதலே சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்துவிடும். 2 டிகிரியில்கூடப் பனி தரை தொடுவது இதனால்தான். மழையா பனியா என்று முன்கூட்டிச் சொல்ல நினைப்பவர்கள் சாதாரண வெப்பநிலையை விட்டுவிட்டு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்ப்பார்கள்.

சூடு கூடினால் இரண்டு விதமான விளைவு

உலகில் பனி விழும் இடங்களை ஏறத்தாழ இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். முதல் வகையில் ஈரம் தாராளம், குளிர்தான் போதாது. அங்கே வெப்பநிலை எப்போதும் உறைநிலையின் விளிம்பில் ஊசலாடும். ஒரு டிகிரி கூடினால் பனியாக விழ வேண்டியது மழையாகிவிடும். இரண்டாம் வகையில் குளிருக்குக் குறைவில்லை, ஈரம்தான் பஞ்சம். மைனஸ் 15 டிகிரியில் இருக்கும் ஊர் மைனஸ் 13 டிகிரிக்கு வந்தால் பனி மழையாக மாறப்போவதில்லை. காற்றில் கூடுதல் ஈரம் சேர்வதால் பனி அதிகமாகக்கூட விழலாம். ஆகவே "சூடு கூடினால் பனி குறையும்" என்பதும் அரை உண்மை, "சூடு கூடினால் பனி கூடும்" என்பதும் அரை உண்மை. எந்த ஊர் எந்த வகை என்று கேட்காமல் வாதத்தில் இறங்குவது வீண்.

மலையில் இந்த இரண்டு வகையும் ஒரே சரிவில் அடுத்தடுத்து வரும். மேலே ஏற ஏற, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் வெப்பம் இறங்குகிறது. ஒரு டிகிரி சூடு கூடினால் பனிக்கோடு, அதாவது மழை பனியாக மாறும் உயரம், ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போகும் என்று இதிலிருந்து கணக்கு வருகிறது. இதை நம் ஊரில் வைத்துப் பார்க்கலாம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாயில் சுமார் 1,680 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். ஒரு புயலில் 1,650 மீட்டர் வரை பனி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வான் ரீனனில் சாலை மூடப்படும். அதே புயல் ஒரு டிகிரி சூடாக வந்தால் பனிக்கோடு 1,800 மீட்டரில் நின்றுவிடும். வான் ரீனனில் வெறும் குளிர்மழை, லாரிகள் வழக்கம்போல ஓடும். சானி உச்சியிலோ பனி குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யலாம். கீழே இருப்பவர் "பனியே நின்னுபோச்சு" என்பார். மேலே விடுதி நடத்துபவர் "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்பார். இரண்டு பேச்சும் நிஜம்.

நம் மலையின் தனிக்கணக்கு

டிராக்கன்ஸ்பெர்க் மேற்சொன்ன இரண்டு வகையிலும் சரியாகப் பொருந்தாது. அங்கே மழைக்காலம் கோடை, குளிர்காலம் வறட்சிக்காலம். குளிர் இருக்கும் மாதங்களில் ஈரம் இல்லை, ஈரம் இருக்கும் மாதங்களில் குளிர் இல்லை. பனி விழ இரண்டும் எப்போதாவது ஒரே நாளில் சந்திக்க வேண்டும். ஜூலையில் வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாக, அதிகாலையில் புல்லெல்லாம் உறைந்து கிடக்கும். ஒரு துளி பனி விழாது.

அந்தச் சந்திப்பைப் பெரும்பாலும் நடத்திவைப்பது, வானிலைச் செய்தியில் "கட் ஆஃப் லோ" என்று சொல்கிறார்களே, அந்தத் தாழ்வழுத்தம். தெற்கே ஓடும் மேற்குக் காற்றோட்டத்திலிருந்து மேல்வானத்துக் குளிர்காற்று ஒரு பெரிய உருண்டையாக அறுந்து வந்து நாட்டின் மேல் நின்றுவிடும். அதை அடித்துச்செல்ல ஓட்டம் இல்லாததால் இரண்டு மூன்று நாள் அங்கேயே சுழலும். அதே நேரத்தில் தெற்கே ஓர் உயர்வழுத்தம் உட்கார்ந்து, இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்றைக் கரைக்குத் தள்ளும். ஈரம் மலையேறும், மேலே குளிர் காத்திருக்கும். இவ்வகைத் தாழ்வழுத்தங்கள் இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் அடிக்கடி வருகின்றன. நடுக்குளிர்காலம் கடந்து, எல்லாரும் கம்பளியை மடித்து வைத்த பிறகு பெரும்பனி வருவதற்கு இதுவே காரணம். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் ஹாரிஸ்மித், வான் ரீனன் பகுதியில் என்3 சாலையை மூடிய பனி அப்படிப்பட்டதுதான். வண்டிகள் இரவு முழுக்கச் சாலையிலேயே சிக்கி நின்றன.

மேற்குக் கேப் கதை வேறு. அங்கே குளிர்காலமே மழைக்காலம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் குளிர்முகப்புகள் சீரஸ், மாட்ரூஸ்பெர்க், சீடர்பெர்க் மலைகளில் கிட்டத்தட்ட எல்லா ஆண்டும் பனியை விட்டுச் செல்கின்றன. அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை, குளிர்தான் விளிம்பில் நிற்கிறது. அதோடு முகப்புகளின் பாதையே தெற்கே நகர்ந்து போனால், ஒரு டிகிரி கூடச் சூடாகாமலேயே பனி குறையும். எனவே "தென்னாப்பிரிக்காவில் பனி கூடுகிறதா, குறைகிறதா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதில் பயனில்லை. சீரஸையும் டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்து அண்டர்பெர்க்கையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டின் போக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

கலிபோர்னியாவுக்குச் சியரா நெவாடாவின் பனி என்பது கோடைக்கான தண்ணீர்த்தொட்டி. நமக்கு அப்படி இல்லை. கவுட்டெங் மாநிலத்துக்குத் தண்ணீர் தரும் லெசோத்தோவின் காட்சே அணை முக்கியமாகக் கோடை மழையால் நிரம்புகிறது. வெளிநாட்டுக் கட்டுரையில் படித்த "பனி குறைந்தால் தண்ணீர் போச்சு" என்ற பயத்தை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

"இரண்டு மீட்டர் பனி!" என்று ஒரு செய்தி. எந்த இரண்டு மீட்டர்? பனியில் குறைந்தது மூன்று அளவுகள் உண்டு, மூன்றும் வேறுவேறு. புதிதாக விழுந்ததன் ஆழம் ஒன்று. தரையில் இப்போது நிற்கும் மொத்த ஆழம் இன்னொன்று. உருக்கினால் கிடைக்கும் தண்ணீர் மூன்றாவது. அமெரிக்காவின் மவுண்ட் பேக்கரில் 1998-99 பருவத்தில் 28.96 மீட்டர் பனி விழுந்தது உலகச் சாதனை. ஜப்பானின் இபுகி மலையில் 1927 பிப்ரவரி 14 அன்று அளந்த 11.82 மீட்டரும் உலகச் சாதனைதான். முதலாவது, பருவம் முழுக்க விழுந்ததைக் கூட்டிய தொகை. இரண்டாவது, ஒரே நாளில் தரையில் நின்ற உயரம். முதலாவதில் பாதிக்கு மேல் அமுங்கியும் உருகியும் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "எது பெரிசு?" என்று கேட்க முடியாது. நான்காவதாகக் காற்று வாரிக் குவித்த மேடு ஒன்று உண்டு. செய்திப் படங்களில் வரும் பெரிய எண்கள் பெரும்பாலும் இந்த மேடுகள்தான். சாலை வெட்டிலும் வேலி ஓரத்திலும் இரண்டு மீட்டர் குவிந்திருக்கும். அங்கிருந்து நூறடி தள்ளித் திறந்த வெளியில் முப்பது சென்டிமீட்டர்கூட இராது.

சொந்தமாக அளக்க நினைப்பவர்களுக்கு, அண்டர்பெர்க், ஹிமெவில் பக்கம் பண்ணையோ விடுதியோ வைத்திருப்பவர்களுக்கு, செலவில்லாத முறை ஒன்று இருக்கிறது. 40 முதல் 60 செ.மீ. சதுரமான ஒட்டுப்பலகை ஒன்று, இருபக்கமும் வெள்ளைப் பெயின்ட். வெள்ளை ஏன் என்றால் கறுப்பான பரப்பு மேகத்தினூடே வரும் வெளிச்சத்திலேயே சூடாகி அடிப்பனியை உருக்கிவிடும். பக்கத்திலுள்ள மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளிப் பலகையைத் தரையோடு படிய வையுங்கள். பக்கத்தில் ஒரு கழி நட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பனி மூடிய பிறகு பலகையைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும். புல்தரையில் நேராக அளக்கக் கூடாது. பனி புல்நுனியில் தாங்கி நிற்கும், அடியில் வெற்றிடம் இருக்கும், அளவுகோல் அந்த வெற்றிடத்தையும் பனியாகக் காட்டும். கார் பானட்டின் மேல் அளப்பதும் அப்படித்தான். எஞ்சின் சூடு அடியில் கரைத்துவிடும்.

அளவுகோலையும் பாருங்கள். பள்ளிப்பிள்ளைகளின் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெற்று நுனி இருக்கும். அதை அறுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், 2 செ.மீ. பனியில் 5 மி.மீ. பிழை என்றால் கால் பங்கு போயிற்று. தினமும் காலை 8 மணிக்கு ஒருமுறை, பலகையில் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துச் சராசரி எடுத்து, பிறகு பலகையைத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். ஆசைப்பட்டு மணிக்கொரு தரம் துடைத்து அளந்தால் தொகை பொய்யாக ஏறும். பனி தன் எடையாலேயே அமுங்கும். அடிக்கடி துடைத்தால் அமுங்கவே விடாமல் பஞ்சாக இருக்கும்போதே அளந்து கூட்டியதாகிவிடும். 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மான்டேக் ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம், அதாவது 196 செ.மீ. விழுந்ததாகப் பதிவாயிற்று. நாட்டுச் சாதனையாகியிருக்க வேண்டியது. அதை நிராகரித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் நாளுக்கு நான்கு முறைதான் அளக்கலாம் என்பது அங்குள்ள விதி. அளந்தவர் ஆறு முறை அளந்து கூட்டியிருந்தார். பனி பொய் சொல்லவில்லை, அளந்தவரும் ஏமாற்றவில்லை. முறை வேறாகிவிட்டது, அவ்வளவுதான். முறை வேறானால் ஒப்பீடு இல்லை.

தண்ணீர்க் கணக்குக்கு நேர்ச்சுவர் உள்ள ஒரு பால்மாவு டின்னும் சமையலறைத் தராசும் போதும். டின்னின் வாய் 10 செ.மீ. அகலம் என்றால் அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ.; ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் அதில் 7.85 கிராம் எடை. டின்னைக் கவிழ்த்துப் பலகைவரை நேராக அழுத்தி, அடியில் தகடு கொடுத்து எடுத்து எடை போடுங்கள். ஆழம் 15 செ.மீ., டின்னின் எடையைக் கழித்துப் பனி மட்டும் 94 கிராம் என்றால் தண்ணீர் 12 மி.மீ.; பனிக்கும் தண்ணீருக்கும் விகிதம் 12.5க்கு 1. "பத்துக்கு ஒன்று" என்று புத்தகத்தில் போடுவது தோராயம்தான். உறைநிலையை ஒட்டி விழும் ஈரப்பனியில் அது 5க்கு 1 ஆகிவிடும், கடுங்குளிரில் விழும் பஞ்சுப்பனியில் 20க்கு 1ஐயும் தாண்டும். அதே 15 செ.மீ. ஈரப்பனியாக விழுந்தால் டின்னில் 235 கிராம் இருக்கும், அதாவது 30 மி.மீ. தண்ணீர். சதுர மீட்டருக்கு 30 கிலோ. கார் நிறுத்தும் 20 சதுர மீட்டர் பந்தலின் மேல் 600 கிலோ ஏறி நிற்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்து நிழல்வலைப் பந்தல்கள் பனி நாளில் மடங்கி விழுவது வெறும் கதையல்ல. பந்தலை எப்போது தட்டிவிட வேண்டும் என்பதை ஆழத்தைவிட இந்த எடைதான் சொல்லும்.

மழைமானியை நம்பிவிடாதீர்கள். காற்றடிக்கும்போது பனித்துகள் மானியின் வாய்க்கு மேலே வளைந்து பறந்துவிடும். பலத்த காற்றில் பாதிகூட உள்ளே விழாது. பழைய பதிவுகளில் பனி குறைவாகத் தெரிவதற்கும், மானியைச் சுற்றிக் காற்றுத்தடுப்பு வைத்த ஆண்டிலிருந்து திடீரென்று கூடியதாகத் தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருப்பது போல ஊர்தோறும் நூறாண்டுப் பனியாழப் பதிவு நம் மலைகளுக்கு இல்லை. அந்தக் குறையைச் செயற்கைக்கோள் ஓரளவு தீர்க்கிறது. நாசாவின் டெரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி 2000ஆம் ஆண்டிலிருந்து தினமும் படமெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பனியும் மேகமும் இரண்டுமே வெள்ளை. குற்றலை அகச்சிவப்பில் பார்த்தால் மேகம் வெள்ளையாகவே இருக்கும், பனி கறுத்துவிடும், அப்படித்தான் பிரித்தறிகிறார்கள். ஆனால் 500 மீட்டர் சதுரத்துக்கு ஒரு புள்ளி என்பதால் சிறு திட்டுகள் தப்பிவிடும். மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டும்; அதற்குள் வடக்குச் சரிவுப் பனி உருகியே போயிருக்கும். நம் அரைக்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கம் போகிறது, தெற்குச் சரிவில்தான் பனி வாரக்கணக்கில் தங்கும். வடக்கத்திய நாட்டு வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே பனி தேடுகிறவர்கள் தவறான சரிவில் ஏறுவது இதனால்தான். படத்திலிருந்து பரப்பு கிடைக்கும், ஆழம் கிடைக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

ஊரை ஊரோடு ஒப்பிடலாமா?

டொராண்டோவும் பஃபலோவும் ஒன்டாரியோ ஏரிக்கு இப்பாலும் அப்பாலும், நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. குளிரில் பெரிய வித்தியாசம் இல்லை. டொராண்டோவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 செ.மீ., பஃபலோவில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஈரி ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வரும் மேற்குக் காற்று பஃபலோவில் போய் இறங்குவதுதான் காரணம். 2014 நவம்பரில் பஃபலோவின் தென்புறப் பகுதிகளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் விழுந்தது; நகரின் வடபுறத்தில் சில சென்டிமீட்டர்தான். ஒரே ஊர், ஒரே நாள்! ஈரி ஏரி உறைந்துவிட்டால் இந்தப் பனி நின்றுவிடும் என்பது இன்னும் சுவையான விஷயம். குளிர்காலம் மிதமாகி ஏரி நெடுநாள் உறையாமல் கிடந்தால், ஏரிக்கரை ஊருக்குப் பனி சில காலம் கூடத்தான் செய்யும்.

ஆகையால் ஓர் ஊரின் பனியை இன்னோர் ஊரின் பனியோடு ஒப்பிட்டால் அந்த ஊர்களின் அமைப்பு தெரியுமே தவிரக் காலநிலை மாற்றம் தெரியாது. அதைப் பார்க்க, ஒவ்வோர் ஊரையும் அதன் பழைய காலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். "இயல்பு" என்பது 30 ஆண்டுச் சராசரி. இப்போது உலகெங்கும் 1991 முதல் 2020 வரையுள்ளதை எடுத்துக்கொள்கிறார்கள். டொராண்டோவில் இந்த ஆண்டு இயல்பில் எத்தனை விழுக்காடு, சீரஸில் இயல்பில் எத்தனை விழுக்காடு என்று இரு ஊரையும் அவற்றின் சொந்த இயல்பால் வகுத்த பிறகு பக்கத்தில் வைக்கலாம்.

அரிதாகப் பனி விழும் ஊருக்கு இதுவும் உதவாது. ஜோகன்னஸ்பர்க்கில் பேசப்பட்ட பனிநாட்கள் 1981 செப்டம்பர், 2007 ஜூன், 2012 ஆகஸ்ட், 2023 ஜூலை. இடைவெளி 26 ஆண்டு, 5 ஆண்டு, 11 ஆண்டு. இதை வைத்துப் பனி கூடுகிறது என்று ஒரு கோடு இழுக்கலாம், குறைகிறது என்றும் இழுக்கலாம், இரண்டுக்கும் மதிப்பில்லை. நாலு புள்ளியில் போக்கு தெரியாது. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் வாசல் வெளுத்த அன்று எடுத்த படம் அழகான நினைவு, சான்று ஆகாது.

வாதத்தில் எந்த எண் நிற்கும்?

2015 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க செனட்டில் ஒக்லஹோமாவின் ஜிம் இன்ஹோஃப் ஒரு பனியுருண்டையைக் கொண்டுவந்து வீசினார். வெளியே இவ்வளவு குளிர், சூடாவது எங்கே என்பது அவர் வாதம். கிழக்குக் கரைக்கு அது பெரும்பனி ஆண்டுதான். பாஸ்டனில் அந்தப் பருவம் 281 செ.மீ. விழுந்து சாதனை. அதே குளிர்காலம், அதே நாட்டின் மேற்குக் கரையைப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று கலிபோர்னியா மலைப்பனியின் தண்ணீர்க் கணக்கு இயல்பில் 5 விழுக்காடு. ஃபிலிப்ஸ் நிலையத்தில் வழக்கமாக ஆளுயரம் அளவுகோல் நடும் இடத்தில் பனியே இல்லை. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த புல்மேல் நின்று கட்டாயத் தண்ணீர்ச் சிக்கனத்தை அறிவித்தார். மேற்கே உயர்வழுத்தம் நிலைகொண்டு சூட்டை நிறுத்தியது, அதன் கிழக்கு ஓரமாக ஆர்க்டிக் குளிர் பாஸ்டன் பக்கம் வழிந்தது. ஒரே காற்றோட்டத்தின் இரு முனைகள் அவை. உலகம் முழுவதையும் சராசரி எடுத்தபோது 2015 அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகச் சூடானது.

மறுபக்கத்திலும் அவசரம் உண்டு. சில ஆண்டுகளில் குளிர்காலப் பனியே மிக அபூர்வமாகிவிடும் என்று 2000இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர் பத்திரிகையில் சொன்னார். 2010 டிசம்பர் வந்தது. 1910 முதல் உள்ள பிரிட்டன் பதிவில் அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் இல்லை. அந்த வாசகத்தை இன்றுவரை கேலிக்கு எடுத்துக்காட்டுகிறார்கள். நீண்டகாலப் போக்கைச் சொல்ல வந்தவர் தேதி குறிக்கப் போனதுதான் வினை.

பெரிய புயலைக் காட்டி எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது. நிற்கும் எண்கள் வேறு மாதிரி இருக்கும்: முதல் பனிக்கும் கடைசிப் பனிக்கும் இடையே எத்தனை நாள், குளிர்கால ஈரத்தில் எவ்வளவு பங்கு பனியாக விழுந்தது, வசந்தத்தில் பனி மூடிய பரப்பு எவ்வளவு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி வட அரைக்கோளத்தின் வசந்தகாலப் பனிப்பரப்பு குறைந்தது 1978இலிருந்து சுருங்கி வருகிறது. உலகம் ஒரு டிகிரி சூடாகும்போது அது சுமார் 8 விழுக்காடு குறையும் என்பது கணிப்பு. இலையுதிர்காலத்தில் அறிஞர்களுக்குள்ளேயே சிக்கல் இருக்கிறது. ஒரு செயற்கைக்கோள் வரிசை அக்டோபர் பனிப்பரப்பு கூடுவதாகக் காட்டுகிறது; மற்ற பதிவுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாதத்துக்கு உண்மையில் இடமிருப்பது இப்படிப்பட்ட மூலைகளில்தான், உலகம் சூடாகிறதா என்பதில் இல்லை. அதைச் சொல்லத் தெர்மாமீட்டர்கள் இருக்கின்றன: 1850-1900 காலத்தோடு ஒப்பிட 2011-2020 பத்தாண்டு 1.1 டிகிரி அதிகம்.

குவாசுலு-நடாலில் இருப்பவர்கள் காலநிலை மாற்றத்தை அறியப் பனியைப் பார்ப்பதைவிட மழையைப் பார்ப்பது நல்லது. மலையில் பனி கொட்டும் அதே வகைக் கட் ஆஃப் லோதான் 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டி, 400 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு ஆராய்ந்து, சூடாகாத உலகில் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அவ்வளவு மழை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை என்ற நிலைக்கு வந்திருப்பதாகவும், மழையின் வேகம் 4 முதல் 8 விழுக்காடு கூடியிருப்பதாகவும் கணக்கிட்டது. மழைப் பதிவு நமக்குப் பல பத்தாண்டுகளுக்கு இருக்கிறது. பனிக்கு அது இல்லாததால் இப்படித் துல்லியமாகக் கணக்கிடவும் வழியில்லை.

மலையோரத்தில் இருப்பவர்கள் பலகையோடு கூட ஒரு குறைந்தபட்ச வெப்பமானியும் மழைமானியும் வைத்து, மூன்றையும் ஒரே நோட்டில் எழுதலாம். பனி விழாத நாளில் "0" என்று எழுத வேண்டும். கோடு போட்டாலோ வெற்றாக விட்டாலோ, பிறகு படிப்பவர் அன்று பனி இல்லையா, அளக்கத்தான் ஆள் இல்லையா என்று தெரியாமல் அந்த நாளையே தள்ளிவிடுவார். பலகையை இடம் மாற்றினால் தேதியோடு குறியுங்கள். 0 டிகிரிக்குக் கீழே இறங்கிய இரவுகள் எத்தனை என்று ஆண்டுக்கொரு முறை எண்ணுங்கள். பனிநாள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோதான் வரும். உறைந்த இரவுகள் பல பத்து வரும், அதனால் போக்கும் அதில்தான் சீக்கிரம் தெரியும்.